ஸ்பீக்கருக்கு ஒரு வேலி

பயிர் வைத்தால் வேலி போடுகிறோம். இல்லாவிட்டால் ஆடு மேய்ந்துவிடும். கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஒரு வேலி வேண்டும். அதற்குப் பெயர் கிரில். மும்பைக் கடைகளில் ஜாலி என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

தாராவியில் நம் ஆட்கள் பலர் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறார்கள். சிலர் வீட்டுக்காகச் செய்கிறார்கள். சிலர் மைக்செட் வாடகைக்கு விடுவதற்காகச் செய்கிறார்கள். பொங்கல், அம்மன் கொடை, கணபதி விழா, ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் பாட்டு வேண்டும் அல்லவா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் சிறிய பெட்டி செய்துகொள்பவர்கள் உண்டு.

பெட்டி செய்பவர்கள் மரத்தை நன்றாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். கிரில் என்று வரும்போது மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அதனால் இரண்டு விதத்தில் நஷ்டம் வருகிறது. கிரில் சரியில்லை என்றால் பாட்டு கெடும். கிரில்லே இல்லை என்றால் ஸ்பீக்கர் கெடும். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்தால் அதை மாற்றக் காசு வேண்டும். வாடகைக்கு விடுபவருக்கு அந்த வாரச் சம்பாத்தியமும் போய்விடும்.

ஸ்பீக்கரின் முகத்தைப் பாருங்கள்

ஒரு ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் வட்டமாக, புனல் போல ஒரு காகிதம் இருக்கும். அதைக் கூம்பு என்போம். கூம்பின் நடுவில் ஒரு சிறிய மூடி இருக்கும். தூசி உள்ளே போகாமல் இருக்க அந்த மூடி. கூம்பின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு வளையம் இருக்கும். துணியால் அல்லது ரப்பரால் செய்திருப்பார்கள். இவை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். பின்பக்கம் கனமான காந்தம் இருக்கும்.

காந்தத்தின் நடுவில் மயிரிழை போன்ற சந்து ஒன்று உண்டு. அந்தச் சந்துக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் சுருள் முன்னும் பின்னும் அசையும். சுருள் அசைந்தால் கூம்பும் அசையும். கூம்பு காற்றைத் தள்ளும். அதுதான் நம் காதில் பாட்டாக விழுகிறது.

இந்த மாதிரிக் கூம்பு ஸ்பீக்கரை 1925-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் செய்து காட்டினார்கள். பம்பாயில் வானொலி நிலையம் 1927 ஜூலை 23 அன்று தொடங்கியது. பிறகு பெரிய மரப்பெட்டி ரேடியோக்கள் வீடுகளுக்கு வந்தன. அவற்றின் முன்பக்கம் துணி போர்த்தியிருக்கும். வயதானவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அழகுக்காக மட்டும் அந்தத் துணியைப் போடவில்லை. உள்ளே இருக்கும் காகிதத்தைக் காப்பாற்றத்தான் போட்டார்கள்.

கூம்புக்கு எதிரிகள் யார்? முதல் எதிரி நம் வீட்டுக் குழந்தைதான். நடுவில் இருக்கும் மூடியைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் விரலால் அமுக்கத் தோன்றும். பெரியவர்களுக்கே தோன்றுகிறதே!

இரண்டாவது எதிரி எலி. தாராவியில் எலியைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எலிக்குக் காகிதம் பிடிக்கும். பெட்டிக்குள் இருட்டும் பிடிக்கும். பாட்டுப் போடாத மாதத்தில் எலி உள்ளே குடிபோகும்.

மூன்றாவது எதிரி இரும்புத் தூள். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தாலோ, லேத் பட்டறை இருந்தாலோ காற்றில் இரும்புத் தூள் பறக்கும். காந்தம் அதை இழுக்கும். நான் சொன்ன மயிரிழைச் சந்துக்குள் ஒரு தூள் போனால் போதும், பாட்டோடு சேர்ந்து கரகர என்று கேட்கும். பிறகு அதை எடுப்பது பெரிய பாடு.

வண்டியில் ஏற்றி இறக்கும்போது மேசைக் கால் குத்துவதும், கூட்டத்தில் யாராவது காலால் இடிப்பதும் மைக்செட்காரர்களுக்கு அன்றாடம் நடப்பவை.

துணியா, தகடா?

வீட்டுக்குள் ஓர் இடத்தில் இருக்கும் பெட்டிக்குத் துணி போதும். வெளியே போய் வரும் பெட்டிக்கு இரும்புத் தகடு வேண்டும். எலித் தொல்லை இருந்தால் வீட்டுப் பெட்டிக்கும் தகடுதான் நல்லது. துணியை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

முதலில் துணியைப் பார்ப்போம்.

எல்லாத் துணியும் பாட்டை வெளியே விடாது. நெருக்கமாக நெய்த துணி பாட்டைத் தடுக்கும். அதிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. தவில் சத்தத்தை விட்டுவிடும். ஜால்ராச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் அப்படி? சத்தம் காற்றில் அலையாகப் போகிறது. கடல் அலையில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை அளக்கலாம் அல்லவா? அதுபோல ஒலி அலைக்கும் நீளம் உண்டு. காற்று ஒரு நொடிக்கு 100 தடவை அதிர்ந்தால் 'கும்' என்ற தடித்த சத்தம் கேட்கும். அதன் அலை ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம். ஒரு சின்ன அறையின் நீளம் அது. ஒரு நொடிக்கு 10,000 தடவை அதிர்ந்தால் 'கிஸ்' என்ற கூரிய சத்தம். அதன் அலை ஏறக்குறைய 3.4 சென்டிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம். பெரிய அலை சின்னத் தடைகளைப் பற்றிக் கவலைப்படாமல் போய்விடும். சின்ன அலை இடறும். அதனால்தான் கெட்டித் துணி போட்ட பெட்டியில் ஜால்ரா மங்கிப்போகிறது. பேச்சில் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் தெளிவாகக் கேட்பதில்லை.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. அங்கே ஒரு தச்சுப் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். ஒரு பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர் புதுசா வாங்கினது. கிரில் போட்டதும் சத்தம் அமுங்கிப் போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டானோ?"

"கிரில்ல கழத்திட்டுப் போட்டுப் பாத்தியாடே?"

"இல்ல அண்ணாச்சி."

"மொதல்ல அதப் பாரு. அதுக்கப்புறம் கடைக்காரன ஏசு."

பையன் கிரில்லைக் கழற்றுகிறான். பாட்டைப் போடுகிறான். முகம் மாறுகிறது.

"நல்லாத்தான் கேக்கு அண்ணாச்சி."

"அப்போ ஸ்பீக்கர் மேல என்ன குத்தம்? என்ன துணிடே போட்ட?"

"அப்பாவோட பழைய பேன்ட் துணி."

"பேன்ட் துணியா! அதுக்குள்ள காத்தே போகாது. பாட்டு எப்படிடே போகும்? இந்தா, வாயில வச்சு ஊதிப் பாரு."

பெரியவர் சொன்ன சோதனைதான் சரியான சோதனை. நீங்களும் கடையில் இதைச் செய்யுங்கள். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். ஊதிய காற்று தடையில்லாமல் கையில் பட வேண்டும். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் துணி நல்லது.

ஸ்பீக்கர் துணி என்றே கடையில் விற்கிறார்கள். லேசாக இழுபடும் பாலியஸ்டர் துணி அது. அது கிடைக்காவிட்டால் பின்னல் துணி, மெல்லிய வலைத் துணி ஆகியவற்றில் ஊதிப் பார்த்து எடுக்கலாம். பின்பக்கம் பிளாஸ்டிக் பூசிய துணி, சோபாத் துணி, தார்பாய்த் துணி வேண்டாம். கோணிச் சாக்கு பார்க்க அழகாக இருக்கிறது என்று சிலர் போடுகிறார்கள். இழை இடைவெளி இருப்பதால் பாட்டு வரும், தப்பில்லை. ஆனால் சணல் நூல் உதிரும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

ஸ்பஞ்சை வெட்டி முன்னால் வைப்பவர்களும் உண்டு. காற்றுப் புகும் மெல்லிய ஸ்பஞ்சு சில வருடம் தாங்கும். மும்பையின் ஈரக் காற்றில் அது பிறகு பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி கூம்பின் மேலேயே விழும்.

துளைத் தகடு வாங்கும்போது

இரும்புத் தகட்டில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். தேன்கூடு மாதிரி ஆறு மூலைத் துளையும் உண்டு. வட்டத் துளையும் உண்டு. எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதில் துளை எவ்வளவு, இரும்பு எவ்வளவு?

பாதிக்கு மேல் துளையாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாட்டு அடைபடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கேலை எடுங்கள். துளையின் அகலத்தை அளங்கள். பக்கத்துத் துளைக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இரும்பின் அகலத்தையும் அளங்கள். இரும்பின் அகலம், துளையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுதான் கணக்கு. துளைகள் மாற்றி மாற்றி, தேன்கூடு போல அமைந்த தகட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

இரண்டு தகடுகளைப் பார்ப்போம். முதல் தகட்டில் துளை 5 மி.மீ. நடுவில் இரும்பு 1 மி.மீ. ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு. இந்தத் தகட்டில் நூற்றுக்கு 63 பங்கு திறந்திருக்கும். வாங்கலாம்.

இரண்டாவது தகட்டில் துளை 3 மி.மீ. நடுவில் இரும்பு 2 மி.மீ. இதில் நூற்றுக்கு 33 பங்குதான் திறந்திருக்கும். மீதி 67 பங்கு சுவர். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் இது வேண்டாம். அலமாரிக் கதவுக்கு ஆகும், ஸ்பீக்கருக்கு ஆகாது.

பெயிண்ட் அடிக்கும்போது கவனம் வேண்டும். கெட்டியாக அடித்தால் துளை சுருங்கும். 5 மி.மீ. துளை பெயிண்டால் 4½ மி.மீ. ஆனால் 63 பங்கு 51 பங்காகக் குறைந்துவிடும். அரை மி.மீ.தானே என்று நினைக்கிறோம். பன்னிரண்டு பங்கு போய்விட்டது பாருங்கள். அதனால் பெயிண்டை நீர்க்கக் கலந்து, இரண்டு தடவை அடியுங்கள். ஸ்ப்ரே அடித்தால் இன்னும் நல்லது. தகட்டைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன்பே அடித்துக் காய வைத்துவிடுங்கள்.

தகட்டின் கனத்தையும் பாருங்கள். 1 மி.மீ.க்குக் குறைந்த தகடு கையால் அமுக்கினால் வளையும். பாட்டுப் போட்டால் அதிரும். தட்டையான தகட்டைவிடத் தட்டுப் போலக் குழிந்த தகடு விறைப்பாக நிற்கும். 8, 10, 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கு என்றே வட்டமாக வளைத்த கிரில்கள் விற்கின்றன. கம்பியை வளையம் வளையமாக வைத்துப் பற்றவைத்த கிரில்லும் உண்டு. அது பாட்டைத் தடுக்கவே தடுக்காது. காலடியையும் தாங்கும். ஆனால் குழந்தையின் விரலும் எலியும் உள்ளே போகும். 5 மி.மீ. துளைத் தகட்டில் சுண்டெலியும் நுழையாது.

கொசு வலைக் கம்பியை மடித்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் அது தொய்யும். விரலால் குத்தினால் உள்ளே அமுங்கிக் கூம்பைத் தொடும். பின்னால் தாங்கல் இல்லாமல் போடக் கூடாது.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. கடற்காற்று வேறு. சாதாரண இரும்பு இரண்டே வருடத்தில் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய தகடு, அல்லது அலுமினியத் தகடு நல்லது. அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் எளிதில் வளையும். ஆகவே கொஞ்சம் கனமாக வாங்க வேண்டும்.

தகட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கறுப்புத் துணியையும் சேர்த்து வைத்தால் இரும்புத் தூளும் நிற்கும், உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் வெளியே தெரியாது. ஊதிப் பார்த்து எடுத்த துணியாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே வாங்குவது?

மாஹிம் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறினால் கிராண்ட் ரோட்டில் இறங்கலாம். கிழக்குப் பக்கம் நடந்தால் லாமிங்டன் ரோடு வரும். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர், கிரில், ஸ்பீக்கர் துணி என்று எல்லாம் அங்கே உண்டு. தகடும் வலையும் தனியாக வேண்டுமானால் நாக்தேவி தெருவின் ஹார்டுவேர் கடைகளில் கேட்கலாம். தாராவி 13-வது காம்பவுண்டுப் பக்கம் பழைய சாமான்களில் கழற்றிய கிரில் சில நேரம் கிடைக்கும். பழையதை வாங்கும்போது துருவைப் பாருங்கள். வளைவு நெளிவு இருக்கிறதா என்று தட்டையான தரையில் வைத்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் கூட்டம் இருக்கும். கடைக்காரர் இந்தியில் வேகமாகப் பேசுவார். சீட்டு கையில் இருந்தால் நமக்குத் தடுமாற்றம் இல்லை. இப்படி எழுதலாம்:

ஸ்பீக்கர் 8 அங்குலம் – 2
சட்டத்தின் வெளி அகலம் – ....... மி.மீ.
ஸ்க்ரூத் துளைக்கு ஸ்க்ரூத் துளை – ....... மி.மீ.
வளையம் சட்டத்துக்கு மேலே துருத்தும் உயரம் – ....... மி.மீ.
பெட்டியின் முன்பக்கம் – அகலம் ......., உயரம் .......

புள்ளி வைத்த இடத்தில் உங்கள் ஸ்பீக்கரை நீங்களே அளந்து எழுத வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கர் என்று பெயர் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சட்டத்தின் அளவு கொஞ்சம் மாறும். கிரில்லின் ஸ்க்ரூத் துளையும் மாறும். அளக்காமல் போனால் மறுபடி ரயில் செலவு.

இடைவெளி விட மறக்காதீர்கள்

கூம்பு முன்னால் வரும் என்று சொன்னேன். பெரிய சத்தத்தில் அதிகமாக வரும். அப்போது ஓர வளையமும் சேர்ந்து முன்னால் வரும். அது கிரில்லில் தட்டக் கூடாது. தட்டினால் 'டப் டப்' என்று கேட்கும். சில நாளில் வளையம் கிழியும்.

ஸ்பீக்கரை மல்லாக்க வையுங்கள். ஒரு நேரான ஸ்கேலைச் சட்டத்தின் மேல் குறுக்காக வையுங்கள். சில ஸ்பீக்கர்களில் வளையம் ஸ்கேலைத் தூக்கும். அப்படியானால் வளையம் சட்டத்தைவிட உயரம் என்று அர்த்தம். வளையத்தின் உச்சியிலிருந்து கிரில் வரை குறைந்தது 12 மி.மீ., அதாவது அரை அங்குலம் விடுங்கள். 12 அங்குலம், 15 அங்குல ஸ்பீக்கர்களுக்கு ஓர் அங்குலம் விடலாம். தகட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுக்கினாலும் வளையத்தைத் தொடக் கூடாது.

துணிச் சட்டம் செய்யும் முறை

பெட்டியின் முன்பக்கம் 300 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். துணி சட்டத்தைச் சுற்றி மடியும். அதற்கு இடம் வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. குறைக்க வேண்டும். ஆகவே சட்டம் 296 மி.மீ. அகலம், 446 மி.மீ. உயரம்.

துணி எவ்வளவு வேண்டும்? பின்பக்கம் மடித்து ஒட்ட ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. கூடுதல். 296 உடன் 100 கூட்டினால் 396. 446 உடன் 100 கூட்டினால் 546. ஒரு பெட்டிக்கு 400 மி.மீ.க்கு 550 மி.மீ. துணி வெட்டினால் சரியாக இருக்கும். இரண்டு பெட்டிக்கு இரண்டு துண்டு.

12 மி.மீ. கனமுள்ள மரப் பட்டையால் சட்டம் செய்யலாம். பட்டையின் அகலம் 20 மி.மீ. இருந்தால் போதும். மூலைகளில் ஃபெவிகால் தடவி, உள்பக்கம் முக்கோணத் துண்டு வைத்து ஆணி அடியுங்கள். ஓர் இரவு காயட்டும். பட்டையின் உள்விளிம்பை உப்புத்தாளால் சாய்வாகத் தேயுங்கள். கூரான விளிம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்தால் சத்தம் அதில் மோதித் திரும்பும்.

சட்டத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். ஸ்பீக்கர் பொருத்தும் பலகைக்கும் கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். அடிக்காவிட்டால் வெளுத்த மரம் துணி வழியாகப் பல்லைக் காட்டும்.

இனித் துணியை இழுக்க வேண்டும். இதில்தான் கை பழக வேண்டும். துணியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் சட்டத்தை வையுங்கள். மேல் பட்டையின் நடுவில் ஒரு பின் அடியுங்கள். பிறகு கீழ்ப் பட்டையின் நடுவில் இழுத்து ஒரு பின். அடுத்து இடது நடு. பிறகு வலது நடு. இப்போது துணி சிலுவை போல நான்கு இடத்தில் பிடித்திருக்கும். அதன் பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிர் எதிராக அடித்துக்கொண்டே போக வேண்டும். மூலை கடைசி. ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக அடித்தால் துணி கோணும். நெசவு வரி வளைந்து தெரியும். மூலையில் துணி குவியும் இடத்தில் வெட்டிக் குறைத்து மடியுங்கள். பின் அடிக்கும் கருவி இல்லாதவர்கள் சின்ன ஆணி அடிக்கலாம்.

சுண்டிப் பார்த்தால் உடுக்குத் தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டாம். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். மிகவும் இழுத்தால் மெல்லிய சட்டம் உள்பக்கம் வளைந்துவிடும்.

சட்டத்தைப் பெட்டியில் எப்படி நிறுத்துவது? ஒட்டிவிடாதீர்கள். கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். வெல்க்ரோ என்ற ஒட்டுப் பட்டையை மூலைக்கு ஒரு துண்டு ஒட்டினால் வேலை முடிந்தது. சின்னக் காந்தம் பதித்தும் செய்யலாம். பிளாஸ்டிக் குமிழும் அதற்கான குழியும் ஜோடியாக விற்கின்றன. குமிழ் சட்டத்தில், குழி பெட்டியில். அமுக்கினால் உட்காரும், இழுத்தால் வரும்.

தகட்டு கிரில்லை முடுக்கும்போது

வட்டமான கிரில்லைப் பிடிக்க நான்கு பிடிப்புகள் வேண்டும். கடையில் கிளாம்ப் என்பார்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் ஒவ்வொன்று. கிளாம்புக்கு அடியில் ரப்பர் வேண்டும். ரப்பர் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள். இரும்பும் மரமும் நேராகத் தொட்டால் அதிரும். கிரில்லின் ஓரம் முழுவதும் டியூப் பட்டையை வளையமாக வைத்தால் இன்னும் நல்லது.

இப்போது சொல்வதை இரண்டு தடவை படியுங்கள்.

துளை போடும் வேலையை ஸ்பீக்கர் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஸ்பீக்கர் இருக்கும்போது தகட்டில் துளை போட்டால் இரும்புச் சீவல் விழும். காந்தம் அதை விடாது. துளை போட்ட பிறகு தகட்டை வெளியே கொண்டுபோய்த் தட்டித் துடைத்து எடுத்து வாருங்கள்.

ஸ்க்ரூ டிரைவரும் இரும்புதான். காந்தத்தின் பக்கம் போனால் அதையும் இழுக்கும். கை வழுக்கினால் நேராகக் கூம்பில் குத்தும். ஸ்பீக்கர் ரிப்பேர்க் கடைக்கு வரும் கிழிந்த கூம்புகளில் எலி கிழித்தது ஒரு பக்கம், இப்படிச் சொந்தக்காரரே கிழித்தது இன்னொரு பக்கம். ஆகவே கெட்டி அட்டை ஒன்றை வட்டமாக வெட்டிக் கூம்பை மூடுங்கள். கிளாம்ப்கள் எல்லாம் லேசாகப் பிடித்த பிறகு, கிரில்லை வைக்கும் கடைசி நிமிடத்தில் அட்டையை எடுங்கள்.

ஸ்க்ரூவை முடுக்கும்போது ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். 12-ஐக் கொஞ்சம், பிறகு எதிரே 6-ஐக் கொஞ்சம், 3-ஐக் கொஞ்சம், 9-ஐக் கொஞ்சம். திரும்பவும் அதே வரிசை. சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி முடுக்குகிறவர் இப்படித்தான் சமமாகப் பார்த்துப் பார்த்து முடுக்குவார். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பீக்கர் சட்டம் கோணும். சட்டம் கோணினால் சுருள் சந்துக்குள் உரசும்.

பெட்டிப் பலகை மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையாக இருந்தால் ஸ்க்ரூ நாளடைவில் கழன்றுவிடும். போல்ட் நட் போடுங்கள். பிளைவுட்டில் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும்.

சில பெட்டிகளில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அந்தப் பெட்டிக்குள் வருகிறது. உள்ளே ஒயர் தேய்ந்து தகட்டைத் தொட்டால் முன்னால் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். மழைக்காலத்தில் ஆபத்து அதிகம். அத்தகைய பெட்டிக்கு மூன்று பின் பிளக் போட வேண்டும். பச்சை எர்த் ஒயரை இரும்பு கிரில்லோடு இணைக்க வேண்டும். இணைக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து இதைச் செய்யுங்கள். இதில் மட்டும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

பெட்டியில் இன்னொரு ஓட்டையும் இருக்கலாம். கும் சத்தம் நன்றாக வருவதற்காக ஒரு குழாய் வைத்திருப்பார்கள். முன்பக்கம் பலமான கிரில் போட்டுவிட்டு இந்த ஓட்டையை மறந்துவிடுகிறார்கள். எலி அது வழியாக ராஜா மாதிரி உள்ளே போகும். அங்கேயும் வலை வேண்டும். ஆனால் துணி கூடாது. அந்த ஓட்டையில் காற்று வேகமாக வந்து போகும். துணி அதை அடைக்கும். அகலக் கண் உள்ள கம்பி வலை போடுங்கள்.

போட்டுப் பாருங்கள்

கிரில் மாட்டியாயிற்று. ஜால்ராவும் தவிலும் உள்ள ஒரு பாட்டைப் போடுங்கள். ஒரு தடவை கிரில்லோடு கேளுங்கள். ஒரு தடவை கிரில் இல்லாமல் கேளுங்கள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் கிரில் நல்ல கிரில்.

ஏதாவது 'ஜிர்ர்' என்று அதிர்கிறதா? தவில் சத்தம் வரும் இடத்தில் கவனியுங்கள். விரலால் தகட்டை ஓர் இடத்தில் தொடுங்கள். பிறகு அடுத்த இடத்தில் தொடுங்கள். எந்த இடத்தில் தொட்டால் ஜிர்ர் நிற்கிறதோ அங்கேதான் தளர்வு. அந்த இடத்துக்குப் பின்னால் டியூப் துண்டு ஒன்றைச் செருகுங்கள். பெரிய தகடாக இருந்தால் நடுவில் ஒரு மரப் பட்டை கொடுத்துத் தாங்குங்கள். சில நேரம் அதிர்வது கிரில்லாக இருக்காது. பெட்டி மேல் வைத்த சாமி படமாக இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

சோதனை செய்யும் நேரம் முக்கியம். 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு அனுமதிக்கலாம். எந்தெந்த நாள் என்று அரசு அறிவிக்கும். பகலில் பொது இடத்தில் வைக்கவும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அரசு குறிக்கலாம். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே படுத்திருப்பவர்களில் நம் தெருக்காரர்களும் உண்டு. மைக்செட் வாடகைக்கு எடுக்க வருபவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு, நீங்களே வாசித்துப் பாருங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று அதில் இருக்கும்.

வருடத்தில் இரண்டு தடவை கிரில்லைக் கழற்றுங்கள். மழைக்கு முன் மே மாதம் ஒரு தடவை. மழை முடிந்து அக்டோபரில் ஒரு தடவை. தகட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். துருப் புள்ளி தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் தொடுங்கள். துணிச் சட்டத்தைத் தண்ணீரில் முக்காதீர்கள், மரம் ஊறும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காய வையுங்கள். கூம்பின் மேல் படிந்த தூசியை மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும். பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ பலகை மேலோ வையுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. தண்ணீரைத் தடுக்கும் கிரில் எதுவும் இல்லை.

கழற்றிய நாளில் கிரில்லின் பின்பக்கம் பென்சிலால் தேதியை எழுதுங்கள். எத்தனை மி.மீ. துளை, என்ன துணி, எங்கே வாங்கியது என்பதையும் எழுதுங்கள். அடுத்த பெட்டி செய்யும்போது அந்த எழுத்தைப் பார்த்தே கடைச் சீட்டை எழுதிவிடலாம்.